சிவகாசியின் விடுமுறை: கொடைக்கானலா, மூணாறா?

தீபாவளிக்கு முதல் வாரம் வரை நெரிசலாய் ஓடிய பட்டாசு ஆலைகள் தீபாவளியோடு கதவைச் சாத்திவிடும். திரும்பப் பூஜை போட்டுத் திறக்க வாரக்கணக்கில் ஆகும். சில ஆலைகளில் ஒரு மாதம்கூட ஆகும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஆண்டில் கிடைக்கும் நீண்ட ஓய்வு இதுதான். போனஸ் பணம் கையில் இருக்கும் நாட்களும் இவைதான். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வேன் பேசும்போது எழும் கேள்வி பழையது: கொடைக்கானலா, மூணாறா? சிவகாசியிலிருந்து இரண்டும் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டருக்குள். இரண்டுக்கும் விடியுமுன் கிளம்பினால் மதியத்துக்குள் மலை ஏறிவிடலாம். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லாததால் பேச்சு உடனே அழகுக்குத் தாவுகிறது. ஏரி ஒரு பக்கம், தேயிலை மறுபக்கம். அழகை வைத்து இந்தக் கேள்விக்கு விடை தேடுவது வீண் என்பதே என் வாதம். எந்தத் தொழிலில் இருப்பவர், அவருக்கு எந்த மாதத்தில் லீவு, வேலையில் அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்தால் விடை தானாக வரும். அந்த விடை எல்லோருக்கும் ஒன்றாகவும் இருக்காது.

சிவகாசிக்கு ஒரே நாட்காட்டி கிடையாது. பட்டாசுக்கு ஆண்டு தீபாவளியில் முடிகிறது. அச்சகத்துக்கோ அப்போதுதான் உச்சம். ஆடிப் பதினெட்டில் புது ஆண்டின் காலண்டர் ஆல்பம் வெளியாகும்; அன்று தொடங்கும் ஆர்டர் ஐப்பசி, கார்த்திகையில் மலையாய்க் குவிந்து, ஜனவரி பிறந்த பிறகே ஓயும். பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாளில், அதே தெருவில் காலண்டருக்குத் தகரம் அடிப்பவர் இரவு ஷிப்ட் பார்க்கிறார். அச்சகக்காரர் குடும்பத்தோடு வெளியூர் போவதென்றால் பெரும்பாலும் பிள்ளைகளின் கோடை விடுமுறையில்தான். ஆக, ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மலையைப் பற்றிப் பேசினாலும், ஒருவர் நவம்பர் மலையைச் சொல்கிறார், மற்றவர் மே மாத மலையைச் சொல்கிறார். வாதம் முடியாமல் நீள்வதற்கு இதுவே காரணம்.

ஊரைவிட மாதம் முக்கியம் என்பது மலை வாசஸ்தலம் எதற்கும் பொருந்தும். பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்கள் காஷ்மீரத்துக் குல்மார்க்கா, உத்தராகண்டின் ஔலியா என்று இதேபோல் கணக்குப் போடுகிறார்கள். குல்மார்க்கில் ரோப்கார் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம் வரை ஏறும். ஆனாலும் 2024 ஜனவரியின் முதல் பாதியில் அங்கே சரிவுகள் பனியின்றி வெறிச்சோடிக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டு, பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. ஔலிக்கு ஏறும் வழியான ஜோஷிமடத்தில் 2023 ஜனவரியில் நிலம் பிளந்து வீடுகள் விரிசல் விட்டபோது ரோப்கார் நிறுத்தப்பட்டது. படத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தவர் ஏமாந்தார். மாதத்தையும் வழியையும் விசாரித்தவர் பிழைத்தார். பனி இல்லாத நம் மலைகளில் இந்தக் கணக்கை மழை போடுகிறது, அவ்வளவுதான்.

இரண்டு ஊர்களும் எதற்காக உண்டாயின என்று பார்ப்பது அடுத்த படி. கொடைக்கானல் ஓய்வுக்கென்றே கட்டப்பட்ட ஊர். மதுரைச் சீமையின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்ப, அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-ல் அங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடையைத் தடுத்து ஏரியை உண்டாக்கினார். 1872-ல் கோக்கர் என்ற பொறியாளர் மலை விளிம்பை ஒட்டி ஒரு நடைபாதை போட்டார். 1908-ல் பிரையண்ட் பூங்கா வந்தது. மோட்டார் வண்டி ஏறும் சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வந்து சேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு முன் மேலே வந்தவர்கள் டோலியிலும் மட்டக்குதிரையிலும் காலாலும் வந்தவர்கள். வந்த பின் அவர்களுக்கு இருந்த பொழுதுபோக்கு நடப்பது. அதனால் ஏரி, பூங்கா, கோக்கர்ஸ் வாக், கடைவீதி எல்லாம் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் அமைந்தன. ஏரியைச் சுற்றிவர ஐந்து கிலோமீட்டர். வேனை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ஒரு பகல் முழுக்க அதைத் தொடாமலே ஊரைப் பார்க்க முடியும். தூண் பாறை, குணா குகை, மன்னவனூர், பூம்பாறை என்று வண்டியில் போக வேண்டிய இடங்கள் உண்டு. அவற்றை விட்டாலும் பெரிய குறை இல்லை.

மூணாறு யாரும் ஓய்வெடுக்க உண்டாக்கிய ஊர் இல்லை. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றதில் அதன் கதை தொடங்குகிறது. காட்டை அழித்துத் தேயிலை நட்டார்கள். விளைந்த தேயிலையை மலைக்குக் கீழே போடிக்கு இறக்குவதற்காகக் குண்டளைப் பள்ளத்தாக்கில் ரயிலே ஓடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிப் பக்கம் கொட்டக்குடிக்குக் கம்பிவடத்தில் பெட்டிகள் இறங்கின. 1924-ம் ஆண்டு வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நிற்கிறது. தோட்டங்களின் நடுவே ஒரு கடைத்தெருவாக இருந்த இடம்தான் இன்றைய மூணாறு நகரம். பார்ப்பதற்குரியவை எல்லாம் அதற்கு வெளியே, வெவ்வேறு திசையில் கிடக்கின்றன: மாட்டுப்பட்டி அணை 13 கிலோமீட்டர், டாப் ஸ்டேஷன் 32 கிலோமீட்டர், வரையாடு மேயும் ராஜமலை வேறொரு பக்கம். மூணாறைப் பார்ப்பது என்றால் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பது. அது ஓர் அருமையான காட்சி என்பதில் ஐயமில்லை. சீவிவிட்டது போன்ற தேயிலைச் சரிவுகள் கொடைக்கானலில் கிடையாது. ஆனால் நாள் முழுக்க வண்டிக்குள் இருக்க வேண்டும்.

இங்கேதான் தொழில் உள்ளே வருகிறது. பட்டாசு வேலையில் பெரும்பகுதி தரையில் உட்கார்ந்து செய்வது. திரி வைப்பவர், சரம் பின்னுபவர், காகிதக் குழாய் சுருட்டுபவர், டப்பாவில் அடுக்குபவர் எல்லோரும் காலை மடக்கியோ நீட்டியோ, கழுத்தைக் குனிந்து, விரல் நுனியில் கண்ணை வைத்து மணிக்கணக்கில் இருப்பார்கள். துண்டுக் கணக்கில் கூலி என்பதால் இடையில் எழுந்து நடப்பது நஷ்டம். மணி மருந்து வேலை செய்பவர் கையில் அலுமினியப் பொடியின் வெள்ளிப் பூச்சு சோப்புப் போட்டாலும் சட்டென்று போகாது. பார்வை எட்டுவது எதிர்ச் சுவர் வரை. இப்படி ஆண்டு முழுக்க உட்கார்ந்தே உழைத்த முதுகை, கிடைத்த ஓய்விலும் வேன் சீட்டில் உட்கார வைப்பதில் என்ன பொருள் இருக்கிறது? அந்த உடம்புக்கு வேண்டியது நடை. அந்தக் கண்ணுக்கு வேண்டியது தொலைவு. கோக்கர்ஸ் வாக் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம்தான். காலை ஏழு மணிக்கு அங்கே நின்றால் காலடியில் மலை செங்குத்தாக இறங்குகிறது; மேகம் விலகினால் சமவெளி விரிந்து கிடப்பதும் வைகை அணை பளபளப்பதும் தெரியும். முதுகுக்குப் பின்னால் சூரியனும் முன்னால் பனிமூட்டமும் அமைந்துவிட்டால், நிற்பவரின் நிழலே வானவில் வளையத்தோடு மேகத்தின் மேல் விழும். அது எப்போதாவது நடப்பது. அதை நம்பி யாரும் கிளம்ப வேண்டாம். விளிம்போரம் மெல்ல நடக்கும் அந்த ஒரு கிலோமீட்டர் மட்டும் எல்லா நாளும் உண்டு. பட்டாசுத் தொழிலாளர் குடும்பத்துக்குக் கொடைக்கானல் என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

உடனே வரும் மறுப்பு மழை. அது நியாயமான மறுப்பு. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. 2025-ல் தீபாவளியும் அதே நாளில் வந்தது. பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீட்டிக்கொண்டிருப்பதால் கொடைக்கானலுக்கு நல்ல மழை அக்டோபர், நவம்பரில்தான். மூணாறுக்கு முக்கிய மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்து முடிந்துவிடும். அப்படியானால் தீபாவளி லீவுக்கு மூணாறுதானே சரி என்று கேட்கலாம். முழுக்கச் சரியில்லை. மூணாறுக்கும் ஐப்பசியில் மழை உண்டு; கேரளத்தில் துலாவர்ஷம் என்பார்கள், மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும். அதைவிட முக்கியம், நாம் மூணாறுக்கு ஏறும் போடிமெட்டுச் சாலை கிழக்கு முகமாக இருக்கிறது. கொடைக்கானலை நனைக்கும் அதே மழை அந்தக் கொண்டை ஊசி வளைவுகளிலும் கொட்டுகிறது. மேலே போய்ச் சேர்ந்தால் வானம் தெளிந்திருக்கலாம், போய்ச் சேர வேண்டுமே. இரண்டு மலைக்கும் பொதுவான உண்மை ஒன்று: வடகிழக்கு மழை தினமும் ஒரே அளவில் பெய்வதில்லை. வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் நாலைந்து நாள் கொட்டும், பிறகு வெளுத்துவிடும். தீபாவளிக்கு மறுநாளே ஓடாமல், வானிலை அறிக்கையைப் பார்த்து ஒரு வெளுப்பைப் பிடிக்கும் வசதி வாரக்கணக்கில் லீவு இருப்பவருக்கு உண்டு. இரண்டு நாள் லீவில் வரும் சென்னைக்காரருக்கு அந்த வசதி இல்லை.

சாலையைப் பற்றி இன்னும் கொஞ்சம். மூணாறு வழி கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. அகலப்படுத்தப்பட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேவிகுளம் பக்கத்து கேப் ரோட்டில் மலையை வெட்டிய இடத்தில் பாறை சரிந்து போக்குவரத்து நின்ற சம்பவங்கள் பல. பூப்பாறை, சின்னக்கானல் பகுதி யானைகள் நடமாடும் இடம். 2023-ல் பிடிபட்டுப் பிறகு கம்பம் வரை வந்த அரிக்கொம்பன் அந்த ஊர் யானைதான். இருட்டிய பின் அந்த வழியில் போவதற்கு ஓட்டுநர்கள் தயங்குவது வீண் பயமில்லை. கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழி அகலமானது, பஸ் ஓடுவது, நடுவில் பண்ணைக்காடு, பெருமாள்மலை என்று ஊர்கள் உள்ளது. பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாக ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது. செல்போன் மேப் தேனிப் பக்கமிருந்து வருபவரை ஆசை காட்டி அதில் திருப்பிவிடும். குறுகலான அந்தச் சாலையில், மண் சரியும் மழைக் காலத்தில், ஆள் நிறைந்த வேனை ஏற்றுவது கூடவே கூடாது.

கொடைக்கானல் கூட்டத்தால் கெட்டுப்போன ஊர் என்பது அடுத்த மறுப்பு. மே மாதத்தைப் பொறுத்தவரை இதை மறுக்க முடியாது. மலர்க் கண்காட்சிக் காலத்தில் வெள்ளி அருவியிலிருந்து ஏரி வரை வண்டி ஊர்ந்துதான் போகும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் போடப்பட்டது. இதை ஏழைகளின் சுற்றுலாவுக்குப் போட்ட பூட்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை. கட்டுப்பாடு வண்டிக்கே தவிர ஆளுக்கு இல்லை. சுவிட்சர்லாந்தின் பனிச்சறுக்கு ஊரான செர்மாட்டில் சுற்றுலாப் பயணியின் கார் உள்ளேயே வர முடியாது. ஐந்து கிலோமீட்டருக்கு முன்னால் டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு ரயிலில் போக வேண்டும். அதனால் அந்த ஊரின் மவுசு குறையவில்லை. ஓர் அறைக்கு இத்தனை பேர்தான், இத்தனை கிலோ மருந்துதான் என்ற விதியை மீறினால் என்ன ஆகும் என்று இந்தியாவில் வேறு எந்த ஊரையும்விடச் சிவகாசிக்கு நன்றாகத் தெரியும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்துகள் கற்பித்த பாடம் அது. மலைக்கும் ஒரு கொள்ளளவு உண்டு என்பதை இந்த வட்டாரத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மேலும், பட்டாசுக்காரருக்கு லீவு கிடைக்கும் நவம்பரில் இந்த நெரிசல் இருப்பதில்லை. அறை வாடகை இறங்கியிருக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறதே என்பது உண்மை. சனி, ஞாயிறைத்தான் பிடிக்க வேண்டும். நவம்பர் மாதச் சனிக்கிழமைகூட மே மாதப் புதன்கிழமையை விடத் தேவலை.

குற்றாலம் பக்கத்தில் இருக்க இவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்பவருக்குச் சுருக்கமான பதில்: குற்றாலத்தின் சீசன் ஆனி, ஆடி, ஆவணி. பட்டாசு ஆலையில் மூச்சுவிட நேரமில்லாத மாதங்கள் அவை. ஐப்பசியில் அங்கே அருவி விழும். கூடவே வெள்ளம் வந்து குளிக்கத் தடையும் விழும்.

பணக் கணக்கு இதைவிடக் கடினமானது. துண்டுக் கூலிக்கு ஆலை மூடியிருக்கும் நாளில் வருமானம் கிடையாது. போனஸ் தொகையில் தீபாவளிச் செலவும் போக, ஆலை திறக்கும் வரை அடுப்பெரிய வேண்டும். 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த வெடிகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்ததிலிருந்து, எந்த ஆண்டு எத்தனை நாள் வேலை இருக்கும் என்பதே நிச்சயமில்லாமல் போனது. இந்த நிலையில் ஒரே நாளில் போய்த் திரும்பும் டூர்தான் கட்டுப்படியாகும் என்கிறார்கள். கொடைக்கானலுக்கு அது முடியும்: விடியுமுன் கிளம்பிக் கட்டுச்சோற்றோடு போய், இருட்டும் முன் மலை இறங்கிவிடலாம். மூணாறுக்கு அப்படிப் போனால் பார்ப்பது சாலையை மட்டும். எல்லை தாண்டும் வாடகை வேனுக்குப் பெர்மிட்டும் பார்க்க வேண்டும். ஆனாலும் கையில் இருப்பதற்கு ஏற்ப ஒரு ராத்திரி தங்குவதே நல்லது என்பேன். மலையின் அருமை விடியற்காலையில் இருக்கிறது. ஒரு நாள் டூர்க்காரர் மலையைச் சேரும்போது அந்தப் பொழுது கழிந்திருக்கும். ஓட்டுநரும் சரியாகத் தூங்காமல் ஒரே நாளில் மலை ஏறி இறங்க வேண்டியிருக்கும். வேன் கவிழ்ந்த செய்திகளில் பல அந்தத் தூக்கத்தில் பிறப்பவை. இருபது பேருக்கு ஒரு வேன் எடுத்து, ஏரிக்கரை லாட்ஜை விட்டு நாயுடுபுரம் பக்கம் அறை எடுத்தால் செலவைக் குறைக்கலாம். சால்வையும் சாக்லேட்டும் கேட்கும் காசில் மலைப்பூண்டு வாங்கினால் வீட்டுக்கு ஆகும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது, மணமும் காரமும் தனி.

மூணாறுக்கு என் வாதத்தில் இடமே இல்லையா? அச்சகக்காரருக்கு மூணாறுதான். அவருக்குக் கிடைப்பது மே மாதம். அப்போது கொடைக்கானல் இ-பாஸ் எண்ணிக்கைக்குள் திணறுகிறது. மூணாறு 1,500 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100; ஆகவே மூணாறில் நாலைந்து டிகிரி வெப்பம் கூடுதல். நாற்பது டிகிரியிலிருந்து தப்பி வருபவருக்கு அது ஒரு குறையே இல்லை. இடங்கள் சிதறிக் கிடப்பதும் அப்போது நன்மையாக மாறுகிறது: கூட்டமும் சிதறிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி ஈனும் காலம் என்று மூடும் இரவிகுளம் தேசியப் பூங்கா ஏப்ரலில் திறந்திருக்கும். வனத்துறை பஸ்ஸில் ராஜமலை ஏறினால் மே மாதத்தில் குட்டிகளோடு ஆடுகளை மிக அருகில் பார்க்கலாம். மிஷின் முன்னால் நின்றே வேலை பார்க்கும் அச்சகத் தொழிலாளிக்கு வண்டியில் உட்கார்ந்து மலையைப் பார்ப்பதும் ஓய்வுதான். மொழி தெரியாத ஊர் என்று சிலர் தயங்குவது தேவையற்றது. கங்காணிகள் தெற்கத்திக் கரிசல் ஊர்களிலிருந்து அழைத்துப்போனவர்களின் பேரப் பிள்ளைகள்தான் அங்கே கொழுந்து பறிக்கிறார்கள். 2015 செப்டம்பரில் பெண்கள் ஒற்றுமை என்ற பெயரில் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவைத்துப் போனஸுக்காக மறியல் செய்த பெண்கள் தமிழ்ப் பெண்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகள் மண்ணில் புதைந்து எழுபது பேர் மாண்டபோது, அவர்களில் பலருக்குச் சொந்த ஊர் கயத்தாறு. போனஸ் என்றால் என்ன, விபத்து என்றால் என்ன என்று சிவகாசிக்காரர் அவர்களிடம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ரிசார்ட் பால்கனியிலிருந்து தேயிலைப் படம் எடுத்துத் திரும்புவதைவிட, லயத்துப் பக்கம் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்வது அந்த ஊரை நன்றாகக் காட்டும்.

இன்னும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. கணவர் ஆப்செட் மிஷினிலும் மனைவி பட்டாசு ஆலையிலுமாக இருக்கும் வீடுகள் சிவகாசியில் கணிசம். ஒருவருக்கு லீவு இருக்கும்போது மற்றவருக்கு ஓவர்டைம். அவர்களுக்கு ஐப்பசியும் உதவாது. மே மாதத்தில் பட்டாசு வேலையை விட்டால் கூலி போகும். தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில்தான் இருவரும் சேர்ந்து கிளம்ப முடியும்: காலண்டர் வேலை முடிந்திருக்கும், பட்டாசு ஆலை ஆண்டுத் தொடக்கத்தின் நிதானத்தில் இருக்கும், பள்ளிக்கும் விடுமுறை. ஜனவரியில் மழை விலகி வானம் துடைத்தாற்போல் இருக்கும். மூணாறின் செண்டுவரைப் பக்கம் புல்லில் உறைபனி படிவதும் அப்போதுதான். பொங்கல் விடுமுறையில் இரண்டு ஊரிலும் கூட்டம் சேரும் என்பதால், மாட்டுப் பொங்கலையும் காணும் பொங்கலையும் வீட்டில் கழித்துவிட்டு அடுத்த சனிக்கிழமை கிளம்புவது புத்திசாலித்தனம். உட்கார்ந்தே உழைத்த மனைவியின் முதுகை நினைத்து, அந்தக் குடும்பத்துக்கும் நான் கொடைக்கானலையே சொல்வேன். பிள்ளைகளுக்குக் கம்பளிக் குல்லாயைச் சிவகாசியிலேயே வாங்கிக்கொள்ளட்டும், ஏரிக்கரையில் விலை அதிகம்.